ஐம்பத்திரண்டு புள்ளி நான்கு

ஒரு கையெழுத்துக்காகத்தான் ரஜீனாவைக் கஞ்சிக்கோட்டிலிருந்து கம்பம்மெட்டு வரைக்கும் காரில் ஏற்றிக்கொண்டு போனார் ஹக்கீம். கம்பெனி முதலாளியே வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறார் என்றால் காரியம் சின்னதில்லை என்று அவளுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பொள்ளாச்சி தாண்டித் தேனி தாண்டி மலையேறுகிற வரைக்கும் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டுதான் போனாள்.

"ரிப்போர்ட்ட ஷஹீர் எழுதி வெச்சுட்டான்மா. மாட்யூல் எழுதினது நீயல்ல? உன்ற கையெழுத்தும் வேணும்னு தோட்டத்து முதலாளி ஜோபி சொல்றாரு. போட்டுட்டு, சோத்தத் தின்னுட்டுக் கிளம்பிரலாம்" என்று கடைசி வளைவில்தான் ஹக்கீம் விஷயத்தைச் சொன்னார்.

ரிப்போர்ட் அரைப் பக்கம். சென்சார் சரி, கம்பி சரி, மாட்யூல் சரி, ஆப் சரி. ஆள்தான் சரியில்லை. ஸ்டோர்க்காரர் பெரியமுத்து வேலை நேரத்தில் தூங்கிவிட்டார், விறகை அளவுக்கு மேல் திணித்துவிட்டார், அதனால் அறுநூறு கிலோ பச்சை ஏலக்காய் கருகிவிட்டது. இவ்வளவுதான். இதற்குக் கீழே ஷஹீரின் கையெழுத்து அழகாகச் சுழித்துக் கிடந்தது.

ஷஹீரும் ரஜீனாவும் பாலக்காட்டில் ஒரே தெரு, ஒரே காலேஜ். அவன் அத்தாவுக்குப் பெரிய அங்காடியில் துணிக்கடை, இவள் அத்தாவுக்கு அதே வரிசையில் பலசரக்குக்கடை. அவனை இந்தக் கம்பெனிக்குக் கொண்டு வந்து சேர்த்தவளே இவள்தான். "என்ற பொறுப்புங்க, நல்லா வேலை செய்வான்" என்று ஹக்கீமிடம் நின்று பேசியவள்.

அவர்கள் செய்கிற பொருள், ஏலக்காய் உலர்த்தும் அறையின் சூட்டைக் கவனிக்கிற ஒரு பெட்டி. அந்த அறை இருக்கிற கட்டடத்தை மலைக்காரர்கள் ஸ்டோர் என்பார்கள். பெட்டிக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதன் அடி உள்ளே கெர்னல் என்று ஒன்று உண்டு. சென்சாரையும் கம்பியையும் தொட்டுப் பேச அதற்கு மட்டும்தான் அனுமதி. அந்தக் கெர்னலுக்குள் போய் உட்காரும் மாட்யூலை எழுதியவள் ரஜீனா. வெளியே திரையில் எண் காட்டி, சங்கு ஊதி, காற்றாடியைக் கூட்டிக் குறைக்கும் ஆப்பை எழுதியவன் ஷஹீர். ஆப்புக்கு உள்ளே போக முடியாது. ரேஷன் கடை ஜன்னல் மாதிரி ஒரு வழி வைத்திருப்பார்கள். ஆப் ஜன்னலில் கை நீட்டி "சூடு எவ்வளவு?" என்று கேட்கும். உள்ளே இருந்து மாட்யூல் எண்ணை எடுத்துக் கொடுக்கும்.

சென்சார் அறுந்துபோனால் என்ன செய்வது என்பதற்காக இருவரும் இரண்டு நாள் சண்டை போட்டிருக்கிறார்கள். "பழைய எண்ணையே குடுத்துரு ரஜீ, எதுக்கு வீணா சங்கு ஊதணும்" என்றான் அவன். இவள் ஒப்பவே இல்லை. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும், எண்ணே கொடுக்கக் கூடாது, ஆப் திரையில் கோடு போட்டுச் சங்கு ஊத வேண்டும் என்று நின்றாள். கடைசியில் சரி என்று தலையாட்டினான். தலையாட்டினவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

வண்டி ஸ்டோர் வாசலில் நின்றதும் கருகல் வாடை மூக்கில் ஏறியது. ஐந்து நாள் ஆகியும் போகவில்லை. தார்ப்பாயின் மேல் ஏலக்காய் குவிந்து கிடந்தது. பச்சையாக இருக்க வேண்டியது தவிட்டு நிறத்தில், பாதி வாய் பிளந்து கிடந்தது. ரஜீனா ஒன்றை எடுத்துப் பார்த்தாள். விரலில் பொடிந்தது.

பெரியமுத்து விறகு அடுக்கின் பக்கத்தில் நின்றிருந்தார். வலது கை முழங்கை வரைக்கும் கட்டு. அவளைப் பார்த்ததும் கும்பிட வந்த கை பாதியில் நின்றது.

"என்னங்கண்ணா கையில?"

"வாடை வரவும் கதவைத் தெறந்து தட்ட இழுத்தேன் தாயி. வெறுங்கையோட இழுத்துட்டேன். தட்டு அம்புட்டுச் சூடு."

"உறங்கி எழும்பிட்டு இழுத்தா இப்படித்தான்" என்றார் ஜோபி. தோட்டமும் ஸ்டோரும் அவருடையது. தமிழும் மலையாளமும் அவர் வாயில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துதான் வரும். "பதினஞ்சு வருஷமாயிட்டு நல்லா இருந்த ஆளு. இப்போ வயசாயி. இவன் உறங்கிட்டான், அதாணு காரியம். மாசக் கடைசியில தோட்டத்து லயத்துவீட்டைக் காலி பண்ணச் சொல்லியாச்சு. வண்டன்மேட்டுல இருந்து வேற ஆள் வந்தாச்சு."

ஏலக்காயைக் கருக்கினவன் என்று பெயர் எடுத்துவிட்டால் அந்த மலையில் எந்த ஸ்டோரிலும் அவரை வாசல்படி ஏற்ற மாட்டார்கள். வேலையும் போச்சு, வீடும் போச்சு, அவருடைய மனைவி சுருளியம்மாள் காய் பறிக்கிற கூடையோடு எந்த எஸ்டேட்டுக்குப் போய் நிற்பாள்? இது எல்லாம் அந்த அரைப் பக்கத்தில், கீழே காலியாக இருந்த ஓர் இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் தூங்கல தாயி." பெரியமுத்து ஜோபியைப் பார்க்காமல் இவளைப் பார்த்துத்தான் சொன்னார். "காலையில எட்டு மணியில இருந்து அந்தத் தெரைக்கு முன்னாடியேதான் உக்காந்திருந்தேன். கண்ணெடுக்கல. அம்பத்திரண்டு புள்ளி நாலு. மத்தியானம் வரைக்கும் அம்பத்திரண்டு புள்ளி நாலு. ஒரு புள்ளி அசையல. மிஷினு எம்புட்டு நல்லா வேலை செய்யுதுன்னு நெனச்சேன்."

ரஜீனாவுக்குத் தலையில் யாரோ குட்டின மாதிரி இருந்தது. விறகு அடுப்பில் சூடு அசையாமல் நிற்குமா? ஒரு கட்டை பற்றினால் ஏறும், ஒரு கட்டை சரிந்தால் இறங்கும். அரை நிமிடத்துக்கு ஒரு தரம் மாறிக்கொண்டே இருக்கிற எண் அது. ஆறு மணி நேரம் ஒரே எண் என்றால் அது அளந்த எண் இல்லை. யாரோ வைத்த எண்.

அது மட்டுமில்லை. திரை ஐம்பத்திரண்டிலேயே நிற்க, வேண்டிய சூட்டுக்கு இன்னும் கொஞ்சம் குறைகிறது என்று ஆப் காற்றாடியை விடாமல் ஓட்டியிருக்கும். அடுப்பு அனலை எல்லாம் உள்ளே வாரிக் கொட்டியிருக்கும்.

ஸ்டோருக்குள் ஷஹீர் பெட்டியோடு இணைத்த லேப்டாப்புக்கு முன் உட்கார்ந்திருந்தான். "வா ரஜீ, சாயா குடிச்சியா?" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"அன்னைக்கு உள்ள ஆப் பதிவைக் காட்டு."

"இடம் ரொம்பிப் போச்சுன்னு அழிச்சுட்டேனே."

"கம்பி?"

"எலி கடிச்சிருந்துச்சு. வந்த அன்னைக்கே மாத்திட்டேன்."

"ரிப்போர்ட்ல கம்பி சரின்னு எழுதியிருக்க?"

"இப்ப சரிதானே?" என்று மறுபடி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

சோதனைக் கதவு நினைவுக்கு வந்தது. அப்படித்தான் இருவரும் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். பெட்டி செய்துகொண்டிருந்த காலத்தில் அறைக்குள் உண்மையில் சூடு ஏற்றிப் பார்க்க வசதி இல்லை. ஆகவே ஜன்னலில் அவனுக்கென்று தனியாக ஒரு வழி விட்டிருந்தாள். ஆப் அதன் வழியே ஓர் எண்ணைக் கொடுத்தால், மாட்யூல் சென்சாரைக் கேட்பதை விட்டுவிட்டு அந்த எண்ணையே திருப்பிச் சொல்லும். வேலை முடிந்ததும் அதை அடைத்துவிடத்தான் இருந்தாள். "வேண்டாம் ரஜீ, சர்வீஸ் போறப்ப எனக்கு வேணும். நான் பாத்துக்கறேன்" என்றான். வேறு யாராவது கேட்டிருந்தால் இவள் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பாள். கேட்டது ஷஹீர். விட்டுவிட்டாள். மாட்யூலுக்குள் எழுதியவர் பெயர் போடுகிற வரியில் 'ரஜீனா' என்று போட்டு, அந்தக் கதவோடேயே எழுபத்து மூன்று ஸ்டோருக்கு அனுப்பினாள்.

"சோதனைக் கதவைத் திறந்தியாடா?"

"நானா? அதை மறந்தே போச்சு. என்ற அம்மா மேல சத்தியமா தொடவே இல்ல."

"என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

பார்த்துத்தான் சொன்னான். கண்ணைக் கூடச் சிமிட்டவில்லை, படுபாவி. சொல்லிக்கொண்டே எழுந்து, "சரி, ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டுக் கிளம்பலாமா அண்ணா?" என்று ஹக்கீமைக் கேட்டபடி பெட்டியின் சுவிட்சுக்குக் கை நீட்டினான்.

அந்தக் கையைப் பார்த்ததும்தான் ரஜீனாவுக்குப் பழம்பொரி ஞாபகம் வந்தது.

சோதனை நடந்த நாட்களில் அவன் கதவைத் திறந்து எண்ணை வைத்துவிட்டு மூட மறந்துவிடுவான். பிறகு உன் மாட்யூல் தப்பு, உன் மாட்யூல் தப்பு என்று இவள் உயிரை எடுப்பான். திறந்தாயா என்று கேட்டால் இல்லவே இல்லை என்பான். இவள் அவனுக்குத் தெரியாமல் மாட்யூலுக்குள் ஒரு குறிப்பு எழுதி வைத்தாள். கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் யார் திறந்தது, எத்தனை மணிக்கு, எந்த எண், அதற்கு முன் மாட்யூல் என்ன சொன்னது என்று கெர்னல் தனக்குள்ளேயே குறித்து வைத்துக்கொள்ளும். அதை வைத்து அவனை மடக்கி மடக்கி, கேன்டீனில் இருபது பழம்பொரியாவது வாங்கித் தின்றிருப்பாள். எப்படிக் கண்டுபிடிக்கிறாள் என்பது அவனுக்குக் கடைசி வரை தெரியாது. அந்தக் குறிப்பு நினைவகத்தில்தான் இருக்கும். கரண்ட் போனால் பேட்டரி தாங்கும், ஆனால் கையால் பெட்டியை அணைத்தால் போய்விடும்.

"கையை எடு" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. அவனை விலக்கிக்கொண்டு லேப்டாப்புக்கு முன் உட்கார்ந்தாள்.

ஒரு வரிதான் தட்டினாள். திரையில் மளமளவென்று இறங்கியது. நாற்பத்தொன்று. அந்த ஒரு ஸ்டோரில் மட்டும் நாற்பத்தொரு தடவை கதவு திறந்திருக்கிறது. முதல் தடவை, பெட்டி மாட்டின பதினேழாவது நாள். கடைசித் தடவை, போன வியாழக்கிழமை காலை எட்டு மணி பதினோரு நிமிடம். திறந்தது ஷஹீரின் ஆப். வைத்த எண் ஐம்பத்திரண்டு புள்ளி நான்கு. ஒவ்வொரு தடவையும் அதற்குச் சரியாக ஒரு விநாடி முன்னால் மாட்யூல் சொல்லியிருக்கிறது: தெரியவில்லை.

அவள் மாட்யூல் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறது. அதைக் கேட்ட காதோடேயே அதன் வாயில் பழைய எண்ணைத் திணித்து, அதையே திருப்பிச் சொல்ல வைத்திருக்கிறான். ஆப்பிலேயே மறைத்திருக்கலாம். அப்படிச் செய்தால் தப்பு ஆப்பின் தலையில் விடியும். இப்படிச் செய்தால் எண் கொடுத்தது ரஜீனாவின் மாட்யூல். ஒரே தெருவில் வளர்ந்தவன். நோன்புக் கஞ்சித் தூக்கை எத்தனை வருஷம் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

ஷஹீர் அவள் தோளுக்குப் பின்னால் குனிந்து திரையைப் படித்தான். பிறகு காதோடு சொன்னான்.

"மழைக்காலத்துல கம்பி நனைஞ்சா சங்கு ஊதிட்டே இருக்கும், தோட்டக்காரங்க ஃபோன் பண்ணிட்டே இருப்பாங்க. ஒரு வாரத்துல நிறுத்தறேன்னு ஹக்கீமண்ணன்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன் ரஜீ. இப்ப நீ வாயத் தொறந்தா போறது நான் மட்டுமில்ல. கதவ வெச்சது நீ. அடைக்காம அனுப்பினது நீ. உள்ள உன்ற பேருதான் இருக்கு. இவங்களுக்கு இதைப் படிக்கத் தெரியாது. சும்மா இரு."

உண்மைதான். அந்த அறையில் அந்த வரிகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அணைத்துவிட்டு எழுந்துவிடலாம். சோறு தின்றுவிட்டு, சாயங்காலத்துக்குள் தேனி தாண்டிவிடலாம்.

"என்னம்மா, எல்லாம் சரிதானே?" என்றார் ஹக்கீம், பேனாவை நீட்டிக்கொண்டு.

ரஜீனா திரும்பிப் பார்த்தாள். பெரியமுத்து நிலைப்படிக்கு வெளியே நின்றிருந்தார். உள்ளே வரவில்லை, வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள்.

போன வருஷம் பெட்டி மாட்ட வந்தபோது அந்தக் கையோடு அவள் மல்லுக்கட்டியிருக்கிறாள். அரை மணிக்கு ஒரு தரம் கதவைத் திறப்பார் மனிதர். புறங்கையை அனல் வருகிற குழாயில் ஒட்டி எடுப்பார். நடுத்தட்டில் ஒரு பிடி அள்ளிக் காதோரம் குலுக்குவார். உள்ளே விதை உருளும் சத்தத்தைக் கேட்டு, இன்னும் மூன்று மணி நேரம், இன்னும் ஒரு மணி நேரம் என்பார். கதவைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் சூடு இறங்கி ஆப் அலறும். "இனி திறக்க வேண்டாங்கண்ணா" என்று இவள்தான் சொன்னாள். "திரையில எண் இருந்தா நம்புங்க. தெரியலைன்னா கோடு வரும், சங்கு ஊதும். அது பொய் சொல்லாதுங்க. அதுக்கு நான் பொறுப்பு." அவர் இவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "நீங்க சொன்னாச் சரி தாயி" என்று கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"சரியில்லைங்க" என்றாள் ரஜீனா. பேனாவை வாங்கினாள், கையெழுத்துப் போடவில்லை. திரையைப் பார்த்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்தாள். நாற்பத்தொன்றையும் வாசித்தாள். வாசிக்க வாசிக்க ஜோபி பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். வியாழக்கிழமை எட்டுப் பதினொன்று வந்ததும் அவர் வாய்க்குள் என்னவோ திட்டினார்.

"அன்னைக்கு இந்தண்ணன் தூங்கலீங்க. சென்சார் கம்பி அறுந்து போச்சு. சங்கு ஊதாம இருக்கறதுக்குன்னே ஆப் இந்தப் பழைய எண்ணை வெச்சுட்டு உக்காந்திருக்கு. உள்ளே வைக்கிறதுக்கு வழி விட்டது நான். அடைச்சிருக்கணும். அடைக்கல."

ஷஹீர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். ரஜீனா ஹக்கீமைப் பார்த்தாள். இந்நேரம் அவர் ஷஹீரின் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டாமா? அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அட, இவருக்கும் தெரியும்! காரில் ஏழு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, நடுவில் எழுப்பிக் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்து, கையெழுத்துக்கு அழைத்து வந்திருக்கிறார்.

"ஊட்டுல போய்ப் பேசியிருக்கலாம்மா" என்றார் மெதுவாக.

"அங்க போனா இந்தப் பெட்டிய அணைச்சிருப்பீங்க."

ரிப்போர்ட்டில் இருந்த வரிகளையெல்லாம் குறுக்கே அடித்தாள். கீழே நடந்ததை நடந்தபடி எழுதினாள். கதவைப் பற்றியும் எழுதினாள். மற்ற எழுபத்திரண்டு ஸ்டோரிலும் இதே கதவு இருக்கிறது, எந்த எண்ணையும் நம்ப வேண்டாம் என்றும் எழுதித் தன் முழுப் பெயரைப் போட்டாள். திரையை ஃபோனில் படம் பிடித்து ஜோபிக்கு அனுப்பினாள். திரும்பிப் போக அவளுக்குக் காரில் இடம் இருக்காது என்று தெரியும். கம்பம் போய் பஸ் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். நாளைக்குப் போவதற்கு வேலையும் இருக்காது.

ஜோபி காகிதத்தை இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து, "பெரியமுத்துவே, நீ உள்ளே வா. அந்த வண்டன்மேட்டுக்காரனைப் போகச் சொல்லு" என்றார். மன்னிப்பு கேட்கவில்லை. அவ்வளவு சொன்னதே அவரைப் பொறுத்தவரை பெரிய விஷயம்.

பெரியமுத்து உள்ளே வந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று ரஜீனா நினைத்தாள். மறைத்துப் பயன் இல்லை, அந்த ஒரு வார்த்தைக்காக அவள் மனசு ஏங்கியது. அன்றைக்கு அவளிடம் இருந்த எல்லாம் போயிருந்தது. அது ஒன்றாவது வேண்டியிருந்தது.

அவர் பெட்டிக்கு முன்னால் நின்றார். உள்ளே அடுத்த சரக்கு உலர்ந்துகொண்டிருக்க, புதுக் கம்பி போட்ட திரையில் எண் ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"தாயி, ஒண்ணு கேக்கவா?"

"கேளுங்கண்ணா."

"அந்த வழி உள்ள இருக்குன்னு அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமா? என்னையக் கைய எடுக்கச் சொன்னீகளே, அன்னைக்கு?"

ரஜீனா தலையை ஆட்டினாள். "தெரியுமுங்க."

பெரியமுத்து கோபப்படவில்லை. சரி என்று தனக்குத்தானே ஒரு தரம் சொல்லிக்கொண்டார். பிறகு உலர்த்தும் அறைக் கதவின் தாழ்ப்பாளை இடது கையால் திறந்தார். சூடு வெளியே அடித்தது. ஆப் சங்கை ஊதத் தொடங்கியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நடுத்தட்டில் ஒரு பிடி அள்ளி, கண்ணை மூடிக்கொண்டு, காதோரம் வைத்துக் குலுக்கினார்.